திரைக்குப் பின்னே நிகழும் காட்சி மாற்றம்

கதகளி அரங்கில் இருவர் ஒரு வண்ணத் திரையைக் கையில் பிடித்து நிற்பதைத் திருவனந்தபுரத்தில் பலரும் கண்டிருப்பர். அத்திரைக்குப் பின்னே ஒரு பாத்திரம் விலகி, மற்றொரு பாத்திரம் வந்து நிற்கின்றது. திரை அகலும்போது அவையோர் புதிய காட்சியைக் காண்கின்றனர். ஆள் மாறிய கணத்தை மட்டும் காண்பதில்லை. தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலும் வேடதாரிகள் திரைக்குப் பின்னிருந்தே அரங்கினுள் தோன்றுகின்றனர். வீடியோப் பதிவிலும் இணைய நேரலையிலும் ஒரு காட்சியிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லக் கையாளப்படும் முறைகளுள் ஒன்று இதே தத்துவத்தின்பாற்பட்டதாகும். துணித்திரைக்குப் பதிலாக இங்கே எண்களால் ஆன திரை பயன்படுகின்றது என்பதே வேறுபாடு.

காட்சி மாற்றம் ஓர் அலங்காரம் எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது எழுத்தில் வரும் நிறுத்தக்குறி போன்றது. காற்புள்ளி வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தால் பொருள் சிதைவதுபோல், பொருந்தாத காட்சி மாற்றம் பார்ப்போரின் கருத்தோட்டத்தைத் துண்டிக்கின்றது. பாடம் கேட்கும் சிறுவர் திறத்தில் இக்குறை மிகவும் பெரிதாகும்.

திருவனந்தபுரமும் திரைவழிக் கல்வியும்

கல்வியைத் திரை வழியே கொண்டு செல்லும் முயற்சியில் திருவனந்தபுரத்திற்குத் தனி இடம் உண்டு. 1985-இல் அந்நகரில் தூர்தர்ஷனின் மலையாள ஒளிபரப்புத் தொடங்கியது. கல்விக்கென்றே அமைந்த எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்டது. அதன் துணையுடன் கிராமப் பள்ளிகளை எட்டும் பொருட்டு ஏற்பட்ட விக்டர்ஸ் அலைவரிசையை, அப்போது குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் 2005 ஜூலை 28 அன்று தொடங்கி வைத்தார். பின்னர் அவ்வலைவரிசை 'கைட்' எனப்படும் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்பில் அமைந்தது.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, ஜூன் 1 அன்று 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் பெயரில் அதே அலைவரிசையில் வகுப்புகள் தொடங்கின. லட்சக்கணக்கான மாணவர் வீட்டிலிருந்தவாறே டெலிவிஷனிலும் கைபேசியிலும் பாடம் கேட்டனர். வகுப்பறையில் ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பினால் மாணவரின் கண்ணும் தானே அங்குச் செல்லும். திரையிலோ, ஆசிரியரின் முகம் மறைந்து வரைபடம் தோன்றும் அச்சிறு கணத்தில் மாணவரின் கவனத்தை வழிநடத்த வேண்டிய கடமை காட்சி மாற்றத்தைச் சார்கின்றது.

இதற்கு விலையுயர்ந்த ஸ்டூடியோ இன்றியமையாதது அன்று. 2012-இல் ஹ்யூ பெய்லி என்பார் தொடங்கிய 'ஓ.பி.எஸ். ஸ்டூடியோ' என்னும் கட்டற்ற மென்பொருள், பல கேமராக்களையும் படங்களையும் இணைத்துப் பதிவு செய்யவும் நேரலையாக அனுப்பவும் உதவுகின்றது. அதனை யாரும் விலையின்றிப் பெறலாம், அதன் உள்ளமைப்பைப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது என்பதும், கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வி கட்டற்ற மென்பொருளைத் தழுவியே வளர்ந்தது என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கன.

வெட்டும் கலப்பும்

காட்சி மாற்றங்களுள் எளியது வெட்டு. ஒரு சட்டம் வரை பழைய காட்சி. அடுத்த சட்டத்திலிருந்து புதிய காட்சி. விநாடிக்கு 25 சட்டங்கள் காட்டப்படுமாயின் ஒவ்வொரு சட்டமும் 40 மில்லி விநாடி நிற்கும். எனவே வெட்டு கண்ணிமைக்கும் நேரத்தினும் விரைவில் முடிந்துவிடுகின்றது.

அடுத்தது கலப்பு. பழைய காட்சி மெல்ல மங்க, புதியது மெல்லத் தெளிகின்றது. பிரெஞ்சு நாட்டு ஜார்ஜ் மெலியே 1899-இல் எடுத்த 'ஸிண்டரெல்லா' படத்திலேயே இம்முறையைக் கையாண்டார். அக்காலத்தில் லென்ஸின் துவாரத்தைப் படிப்படியாக மூடி, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபடியும் துவாரத்தைத் திறந்தவாறே இரண்டாம் காட்சியை அதே பிலிமில் பதிய வேண்டியிருந்தது. இன்று அவ்வேலையைப் பெருக்கலும் கூட்டலும் செய்துவிடுகின்றன.

ஒரு பிக்செல்லின் ஒளியளவு பழைய காட்சியில் 200 எனவும், புதிய காட்சியில் 40 எனவும் கொள்வோம். மாற்றம் கால் பங்கு முடிந்த நிலையில் பழையதில் முக்காற் பங்கும் புதியதில் காற்பங்கும் சேர்க்கப்படும். அதாவது 150-உம் 10-உம் கூடி 160 ஆகும். பாதி வழியில் அது 120, முக்கால் வழியில் 80, இறுதியில் 40. இக்கணக்கு ஒவ்வொரு பிக்செல்லிற்கும், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே செய்யப்பட வேண்டும். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 பிக்செல்கள் கொண்ட படத்தில் மொத்தம் 20,73,600 பிக்செல்கள் உள்ளன. மூன்று நிறங்களுக்குமாக 62,20,800 எண்கள். விநாடிக்கு 25 சட்டங்களெனில் 15,55,20,000 எண்கள் ஒரு விநாடியில் கணிக்கப்படுகின்றன. கணிப்பொறியின் வரைகலைப் பகுதி பல்லாயிரம் கணக்குகளை ஒருங்கே செய்ய வல்லதாதலின் இது தடையின்றி நிகழ்கின்றது.

சாம்பல் படம் காட்டும் வழி

கலப்பில் எல்லாப் பிக்செல்களும் ஒரே வேளையில் மாறுகின்றன. அவற்றுள் சில முந்தியும் சில பிந்தியும் மாறுமாறு செய்தால் துடைப்பு என்னும் மற்றொரு வகை கிடைக்கின்றது. எந்தப் பிக்செல் எப்போது மாற வேண்டும் என்பதைத் தெரிவிக்க ஒரு சாம்பல் நிறப் படம் போதுமானது. இங்கேதான் சொந்தமாக மாற்றங்களை உருவாக்கும் வாய்ப்புத் தொடங்குகின்றது.

அப்படத்தில் கருமைக்கு 0, வெண்மைக்கு 255 என மதிப்புகள் அமையும். மாற்றம் தொடங்கியதும் ஓர் எல்லை எண் 0-இலிருந்து 255 நோக்கி உயர்கின்றது. எந்தெந்தப் பிக்செல்லின் சாம்பல் மதிப்பு அவ்வெல்லைக்குக் கீழே உள்ளதோ அவ்விடத்தில் புதிய காட்சி தோன்றும். ஏனைய இடங்களில் பழைய காட்சி நிற்கும். ஆதலின் கருமையான பகுதிகள் முதலிலும் வெண்மையான பகுதிகள் இறுதியிலும் மாறுகின்றன. இடமிருந்து வலமாகக் கருமை படிப்படியாக வெளுக்கும் படத்தை வரைந்தால், புதிய காட்சி இடப்புறத்திலிருந்து பரவும். நடுவில் கருமையும் ஓரங்களில் வெண்மையும் இருப்பின், மலர் விரிவதுபோல் நடுவிலிருந்து பரவும். கோலமோ இலையோ அலையோ எவ்வடிவத்தையும் இவ்வாறு மாற்றமாக்கலாம். இதற்கு வேண்டுவது ஓவிய மென்பொருளும் சிறிது பொறுமையுமே.

சாம்பல் படத்தில் 256 படிகளே உள்ளனவே, துடைப்பு விட்டுவிட்டு நகராதோ என ஐயம் எழலாம். 1920 பிக்செல் அகலத்தில் ஒவ்வொரு படியும் ஏழரைப் பிக்செல் இடம் கொள்ளும். ஒரு விநாடியில், 25 சட்டங்களில், திரையைக் கடக்கும் துடைப்போ ஒவ்வொரு சட்டத்திலும் ஏறத்தாழ 77 பிக்செல் நகர்கின்றது. ஆதலின் படிகளின் குறை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எல்லைக் கோட்டின் இருபுறமும் சிறிது கலப்பைச் சேர்த்தால் ஓரம் மென்மையாகவும் தோன்றும்.

எண்களால் ஆன திரை

கதகளித் திரையை ஒத்த முறையை ஓ.பி.எஸ். பயனாளர் 'ஸ்டிங்கர்' என்பர். இதில் மூன்று அடுக்குகள் உள்ளன. அடியில் பழைய காட்சி. அதற்குப் பதிலாக வரவிருக்கும் புதிய காட்சி. இவற்றின் மேல் ஓடும் ஒரு சிறு வீடியோ. மேலுள்ள வீடியோவின் ஒவ்வொரு பிக்செல்லுக்கும் மூன்று நிற எண்களோடு 'ஆல்பா' எனப்படும் நான்காம் எண் ஒன்றும் உண்டு. ஆல்பா சுழியாயின் அவ்விடம் கண்ணாடிபோல் அடியிலுள்ளதைக் காட்டும். முழுமையாயின் சுவர்போல் மறைக்கும். இடைப்பட்டதாயின் மெல்லிய துணிபோல் பாதி மறைக்கும்.

எடுத்துக்காட்டாக, செந்நிறத் திரையொன்று இருபுறமிருந்தும் வந்து மூடிப் பின்னர் விலகும் மாற்றத்தை அமைப்பதாகக் கொள்வோம். மொத்தம் 40 சட்டங்கள். விநாடிக்கு 25 சட்டங்கள் வீதம் அது 1,600 மில்லி விநாடி ஓடும். முதல் 15 சட்டங்களில் திரை மூடுகின்றது. அடுத்த 10 சட்டங்களில், அதாவது 600-ஆவது மில்லி விநாடியிலிருந்து 1,000-ஆவது வரை, திரை முழுவதும் மறைந்து நிற்கின்றது. இறுதி 15 சட்டங்களில் திரை விலகுகின்றது. திரைக்குப் பின்னே நிகழ்வது வெறும் வெட்டே. அவ்வெட்டு எக்கணத்தில் நிகழ வேண்டும் என்பதை அமைப்பவர் மென்பொருளுக்குத் தெரிவிக்க வேண்டும். 800-ஆவது மில்லி விநாடி எனக் குறித்தால் இருபுறமும் 200 மில்லி விநாடி பாதுகாப்பு இடைவெளி கிடைக்கின்றது. தவறுதலாக 500 எனக் குறித்தால், மூடி முடியாத இடைவெளியில் காட்சி சட்டென மாறுவதை அனைவரும் கண்டுவிடுவர். கதகளித் திரையை வேளைக்கு முன்னே இறக்கிவிடுவது போன்ற பிழை இது.

முழு மறைப்பு ஒரே சட்டமளவு இருந்தால் போதாதா என வினவலாம். பதிவில் அது போதும், நேரலையில் போதாது. கணிப்பொறி ஒரே வேளையில் கேமராக்களைப் படித்து, படங்களைக் கலந்து, சுருக்கி, அனுப்பிக்கொண்டிருப்பதால் ஸ்டிங்கர் வீடியோவின் ஓரிரு சட்டங்கள் பிந்தக்கூடும். மேலும், 25 சட்டக் கணக்கில் செய்த வீடியோவை 30 சட்டக் கணக்கில் ஒளிபரப்பினால் சட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. பாதுகாப்பு இடைவெளி இப்பிழைகளை விழுங்கிவிடுகின்றது.

பழைய காட்சியும் புதிய காட்சியும் ஒரே வேளையில் தெரிய வேண்டுமாயின், 'மேட்' எனப்படும் கறுப்பு வெள்ளை வீடியோ ஒன்றும் உடன் சேர்க்கப்படுகின்றது. அதன் வெண்மைப் பகுதியில் ஒரு காட்சியும் கருமைப் பகுதியில் மற்றொரு காட்சியும் தோன்றும். அது சாம்பல் படத்தின் அசையும் வடிவமே எனலாம். திரை விலக விலக, அதன் ஓரத்தை ஒட்டியே புதிய காட்சி வெளிப்படுமாறு இதனால் அமைக்க இயலும்.

வழக்கமாக நேரும் பிழைகள்

முதலாவது, கோப்பு வகையைப் பற்றியது. எம்.பி.4 கோப்புகளில் வழக்கமாகப் பயன்படும் எச்.264 முறை ஆல்பா எண்ணைச் சேமிப்பதில்லை. எனவே ஒளிபுக வேண்டிய இடமெல்லாம் கரும்பரப்பாகிவிடும். வி.பி.9 முறையில் அமைந்த வெப்எம் கோப்போ, புரோரெஸ் 4444 முறையில் அமைந்த கோப்போ ஆல்பாவைக் காக்க வல்லவை. பின்னது அளவில் பெரிதாதலின், சிறிய கணிப்பொறிகளுக்கு முன்னதே ஏற்றது.

இரண்டாவது, ஓரங்களில் தோன்றும் கருங்கோடு. சில மென்பொருள்கள் நிற எண்ணை ஆல்பாவினால் முன்னரே பெருக்கிச் சேமிக்கின்றன. அதை அறியாது மறுபடியும் பெருக்கினால், 240 மதிப்புள்ள வெண்ணிறம் பாதி ஆல்பாவில் 120 ஆக இராமல் 60 ஆகக் குறைந்து இருண்டுவிடும். உருவாக்கும் மென்பொருளும் ஒளிபரப்பும் மென்பொருளும் ஒரே வழக்கைப் பின்பற்றுகின்றனவா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அசைவின் வேகம். திரை ஒரே சீரான வேகத்தில் நகர்ந்து சட்டென நின்றால் யந்திரத் தன்மை புலப்படும். கையால் இழுக்கும் திரை மெல்லத் தொடங்கி, விரைந்து, மெல்ல அடங்கும். இதனைப் பெற, கழிந்த காலப் பகுதியை அதனாலேயே பெருக்கி, வரும் எண்ணை, மூன்றிலிருந்து அக்காலப் பகுதியின் இருமடங்கைக் கழித்த மீதியால் பெருக்க வேண்டும். காலம் கால் பங்கு கழியும்போது திரை ஏறத்தாழ 16 விழுக்காட்டுத் தொலைவே சென்றிருக்கும். பாதியில் 50 விழுக்காடு. முக்காலில் 84 விழுக்காடு.

நான்காவது, ஒலி. படம் கலக்கும் முறையிலேயே ஒலியையும் கலந்தால் நடுவில் ஒலி தாழ்கின்றது. தொடர்பற்ற இரண்டு ஒலிகளைப் பாதி பாதியாகச் சேர்க்கும்போது ஒவ்வொன்றின் ஆற்றலும் நாலில் ஒன்றாகக் குறைவதால், கூடிய ஆற்றல் பாதியளவே ஆகின்றது. ஒவ்வொன்றையும் 0.707 பங்கு வைத்தால் ஆற்றல் குறையாது. ஆசிரியரின் பேச்சு தொடரும்போது படம் மட்டும் மாறுமாயின், ஒலியைத் தொடாமல் விடுவதே நன்று.

நலிந்த இணைப்பும் நல்ல மாற்றமும்

காட்சி மாற்றத்தின் உண்மையான சோதனை ஸ்டூடியோவில் நிகழ்வதன்று. அது இடுக்கியிலும் வயநாட்டிலும் மலையடிவாரத்தில் ஒரு கைபேசியைச் சுற்றி அமர்ந்திருக்கும் சிறுவர் முன் நிகழ்கின்றது. மேற்கூறிய 15,55,20,000 எண்களை அப்படியே அனுப்ப விநாடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட் தேவை. அதனை 25 லட்சம் பிட் அளவில் அனுப்பும்போது, தகவல் ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகின்றது. அடுத்தடுத்த சட்டங்கள் பெரிதும் ஒத்திருப்பதால், மாறிய பகுதியை மட்டும் அனுப்பி இச்சுருக்கம் சாத்தியமாகின்றது.

கலப்பிலோ, எல்லாப் பிக்செல்களும் ஒவ்வொரு சட்டத்திலும் மாறுகின்றன. முந்திய சட்டத்தைக் கொண்டு அடுத்ததை ஊகிப்பது கடினமாகின்றது. எச்.264 முறையில் இதற்கென ஒரு வழி வகுக்கப்பட்டுள்ளதாயினும், நேரலையில் விரைவு கருதி அது எப்போதும் பயன்படுத்தப்படுவதில்லை. விளைவாக, நலிந்த இணைப்பில் படம் சதுரம் சதுரமாகச் சிதறுகின்றது. பொன்துகள்களும் தீப்பொறிகளும் சிதறும் ஸ்டிங்கர்கள் இதனினும் கேடானவை. ஏனெனில் ஆயிரம் சிறு துகள்களின் ஓட்டத்தை ஊகிக்க இயலாது. ஒரே நிறமுள்ள தட்டையான திரையோ மிகச் சில பிட்டுகளில் அடங்கும். அது திரையை மூடி நிற்கும் 400 மில்லி விநாடியில் அனுப்ப வேண்டிய புதுத்தகவல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆடம்பரமற்ற திரை ஏழையின் இணைப்பிற்கும் உகந்தது என்பது இதனால் விளங்கும்.

கண்ணுக்கு ஊறு செய்யாமை

மற்றொரு எச்சரிக்கை இன்னும் முக்கியமானது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான சிறுவர் கார்ட்டூன் நிகழ்ச்சியொன்றில் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு முறை வீதம் மாறிமாறி மின்னின. அதனைக் கண்ட அறுநூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர், வலிப்பு, மயக்கம் முதலிய குறிகளோடு மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒளி மின்னலால் தூண்டப்படும் வலிப்புநோய்க்கு ஆளாகக் கூடியோர், தமக்கு அத்தன்மை உள்ளதை அறியாமலேயே இருக்கலாம். ஆதலின் திரையின் பெரும்பகுதி ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் மின்னலாகாது என்பது ஒளிபரப்பாளர் பின்பற்றும் நெறி. செறிந்த சிவப்பு மின்னல் மேலும் ஆபத்தானது. புதிய மாற்றத்தை உருவாக்குவோர் வெண்மின்னல்களைச் சேர்க்கும் முன் இதனை எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

எவ்விடத்தில் எது

ஒரே பாடத்தினுள் ஆசிரியரின் முகத்திலிருந்து வரைபடத்திற்குச் செல்ல வெட்டே சாலச் சிறந்தது. மாணவரின் எண்ணம் இடையறாது தொடர்கின்றது. விதை முளைத்துச் செடியாவதுபோல் காலம் கழிந்ததைக் காட்டக் கலப்பு பொருந்தும். ஒரு பாடம் முடிந்து மற்றொன்று தொடங்குமிடத்தில் திரை போன்ற மாற்றம் தகும். அது ஓய்வையும் புதுத் தொடக்கத்தையும் ஒருங்கே உணர்த்துகின்றது. ஒரு நிகழ்ச்சியில் இத்தகைய மாற்றம் ஒரே வடிவில் மீண்டும் மீண்டும் வருமாயின், பார்ப்போர் அதன் பொருளைத் தாமே கற்றுக்கொள்வர். நிமிடத்திற்கொரு புது வடிவம் காட்டினால் எதற்கும் பொருளில்லாமற் போகும்.

நேரலையில் செய்த பிழையை அழிக்க இயலாது. ஆகவே அடுத்துவரும் காட்சியை ஒரு முன்னோட்டச் சாளரத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு, பின்னரே மாற்றத்தை இயக்குவது முறை. புதிய ஸ்டிங்கரை முதலில் பதிவு செய்து, சட்டம் சட்டமாக நகர்த்திப் பார்த்தல் வேண்டும். பின்னர், குறைந்த பிட் அளவில் அனுப்பி, மலிவான கைபேசி ஒன்றில் காண வேண்டும். அங்கும் அது தெளிவாக விளங்குமாயின் மாற்றம் வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம்.

கேரளப் பள்ளிகளில் 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் மாணவர் அசைவுப் படங்களை உருவாக்கப் பயிற்சி பெறுகின்றனர். சாம்பல் படமொன்றை வரைவதும் நாற்பது சட்டங்களில் ஒரு திரையை அசைப்பதும் அத்தகைய மாணவர்க்கு எட்டாதவை அல்ல. விகிதம், பெருக்கல், நேர அளவு ஆகிய வகுப்பறைக் கணக்குகள் கண்ணெதிரே அசைவதை இதனால் அவர்கள் காண்பர். கதகளியில் திரை பிடிப்போரை எவரும் பார்க்க வருவதில்லை. அவர்கள் வேளையறிந்து திரையை விலக்கினால்தான் பார்க்க வந்ததை அவையோர் காண முடிகின்றது. நல்ல காட்சி மாற்றத்தின் பணியும் அத்தகையதே.